நம்பர் சொன்னால்தான் பஸ் கிளம்பும்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. டெக்சாஸில் சுகர் லேண்டிலிருந்து ஆலனுக்குப் போகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நடந்தது. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் இதை எழுதுகிறாள். நடுவில் வேறு கதைக்குப் போய்விட்டால், "மாமா, பஸ்ஸுக்கு வாங்க" என்று அவளே திருப்பிக் கொண்டுவந்துவிடுவாள்.

ஆலனில் என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். தங்கை வீட்டுக்காரர் தவறிப் பல வருஷமாகிறது. பெண் வீட்டுப் பக்கம் உட்கார்ந்து தட்டு மாற்ற வேண்டியவன் தாய்மாமனான நான்தான். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அதற்குள் மாற்றியாக வேண்டும். "அண்ணே, நீ வந்து உட்கார்ந்தாத்தான் எனக்கு உசிரு வரும்" என்று முந்தின நாள் போனில் சொன்னாள்.

சுகர் லேண்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பஸ் பிடித்தோம். மகனும் மருமகளும் சீர்த் தட்டுகளோடு காரில் முன்னாலேயே போய்விட்டார்கள். பஸ்ஸில் நம் வழக்கப்படி பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் அன்று காலையிலேயே சின்னச் சண்டை. சட்டைக்குத்தான். அவள் எடுத்து வைத்த பட்டுச் சட்டையை நான் போடவில்லை. என் போன் எப்போதும் போல அவள் பையில்.

பெட்ரோல் பங்கில் எல்லோரும் இறங்கினோம். அந்தப் பங்கே ஒரு சந்தை மாதிரி இருக்கும். நான் பாத்ரூம் போய்விட்டு வரும்போது வேறொரு பழைய பஸ் நின்றது. அதன் டிரைவர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரக்கோணத்தில் நான் பஞ்சர் கடை வைத்திருந்தவன். எங்கே யார் டயரைப் பார்த்தாலும் எனக்குக் கால் நகராது. நானும் பக்கத்தில் போய்க் குந்திப் பார்த்தேன். டயர் நன்றாகத்தான் இருந்தது. நிமிர்ந்தால் எங்கள் பஸ்ஸைக் காணோம்!

பஸ்ஸில் நடந்ததைப் பிறகு சொன்னார்கள். கிளம்பும்போது என் சகலை, "எல்லாரும் ஏறியாச்சா? பக்கத்து ஆளப் பாத்துக்கங்கப்பா" என்று கத்தியிருக்கிறார். பின்னால் சீட்டு ஆடியவர்கள், நான் சமாதானத்துக்காக முன்னால் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் யார் போய்க் கேட்பது? அவளோ, நான் கோபத்தில் பின்னாலேயே இருக்கிறேன் என்று நினைத்துத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இங்கிலீஷ் வராது. மகன் நம்பர் மனப்பாடம் இல்லை. மனப்பாடமாகத் தெரிந்தது அரக்கோணத்தில் எப்போதோ வெட்டிவிட்ட லேண்ட்லைன் நம்பர் ஒன்றுதான். தங்கை முகம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. "ஆலன், ஆலன்" என்று அந்த டிரைவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். இறங்கினார்கள் பாருங்கள், ஒவ்வொருவனும் தென்னை மரம் மாதிரி! கடைசியாக, என்னைவிடச் சில வயது இளையவராக, நரைத்த தாடியோடு ஒரு கறுப்பினப் பெரியவர் இறங்கினார். ஒரு பையன் மொழிபெயர்க்கிற ஆப்பைப் போனில் திறந்து என் வாயருகே நீட்டினான். நான் புலம்பினதெல்லாம் அதற்குள் போயிற்று. அது எப்படிச் சொன்னதோ, அந்தப் பெரியவர் என் தோளில் கை வைத்தார். பிறகு போனிலிருந்து ரேடியோ செய்தி வாசிக்கிற பெண் மாதிரி ஒரு குரல், "ஐயா, நாங்களும் ஆலன் நகருக்கே செல்கிறோம். தயவுசெய்து எங்களுடன் வாருங்கள்" என்றது.

அவர்கள் ஒரு பாஸ்கெட்பால் டீம். டிவியில் வருகிற பெரிய லீக் இல்லை. அதற்குக் கீழே, அதற்கும் கீழே இருக்கிற லீக். சம்பளம் உண்டு, ஆனால் அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஒருவன் முடி வெட்டுகிறவன், ஒருவன் குடோனில் மூட்டை ஏற்றுகிறவன். வாரக் கடைசியில் இந்தப் பஸ்ஸில் ஏறி ஊர் ஊராகப் போய் ஆடுகிறார்கள். பெரியவர் ஆரம்பத்தில் அந்த டீமில் ஆடியவராம். இப்போது பந்து, பனியன், ஷூ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்.

ஏறி உட்கார்ந்ததும் பஸ் கிளம்பவில்லை. பெரியவர் முன்னால் நின்றுகொண்டு கை தட்டினார். ஆளாளுக்குத் தங்கள் பனியன் நம்பரைக் கத்தினார்கள். டிரைவருக்குக்கூட ஒரு நம்பர். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கடையின் கதவு எண் ஒன்பது. "நைன்" என்றேன். பஸ்ஸே ஓவென்று கத்தியது. டிரைவர் அப்புறம்தான் கியரைப் போட்டார்.

வழியெல்லாம் பெரியவர் போனை நடுவில் வைத்துக்கொண்டு டீம் கதையைச் சொன்னார். கடலோரத்தில் சின்ன ஊரில் ஆரம்பித்தார்களாம், ஒரு மீன் பேரில். புயலில் அவர்கள் ஆடின ஹாலின் கூரை போய்விட்டது. எண்ணெய்க் கிணறு இருக்கிற ஊருக்குப் போனார்கள், பாம்பு பேர். அங்கே டீமை நடத்திய முதலாளி கைவிட்டதும் ஒரு சர்ச் ஹாலில் ஆடினார்கள். இப்போது மூன்றாவது பேர். பஸ்ஸில் பழைய பேர், படங்களின் மேலேயே பெயிண்ட் அடித்திருந்தார்கள். வெயில் பட்டால் அடியில் மீன் வால் தெரியுமாம். எங்கள் ஊரில் லாரி கைமாறினாலும் பழைய முதலாளியின் குலதெய்வம் பெயிண்டுக்கு அடியில் தெரியும். சரி சரி, பஸ்ஸுக்கு வருகிறேன்.

"எதுக்கு நம்பர் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் போனை வாயருகே எடுத்துப் பேசினார். போன் அதே செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது: "முதல் ஆண்டுகளில், இதுபோன்ற ஒரு எரிபொருள் நிலையத்தில், ஒரு வீரர் தன் தாயாருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அனைவரும் ஏறிவிட்டதாக நினைத்துப் பேருந்து சென்றுவிட்டது. அன்று மாலை அவருடைய ஆட்டத்தைக் காணப் பெரிய லீக்கிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வீரர் ஆட்டத்துக்கு வந்து சேரவில்லை. காண வந்த அந்த நபர் மீண்டும் வரவில்லை. அந்த வீரர் நான்தான். என் எண் பதினான்கு."

அந்தக் குரலில் துக்கமும் இல்லை, கோபமும் இல்லை. பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. தன்னை விட்டுவிட்டுப் போன பஸ்ஸிலேயே, இனி யாரையும் விடக்கூடாது என்று இத்தனை வருஷம் வந்துகொண்டிருக்கிறார் மனுஷன்.

ஆலனில் கோயில் ஹாலில் விசேஷம் என்று சொல்லியிருந்தேன். அவர்களுக்கு ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சி இருந்தது. கோச் கடிகாரத்தைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், "கோயிலுக்கே விடு" என்கிற மாதிரி டிரைவருக்குக் கை காட்டினார்.

ஹாலில் அதற்குள் ஒப்பாரி வைக்காத குறை. பங்குக்குப் போன் செய்தார்களாம். "அந்தத் தாத்தா பாஸ்கெட்பால் டீமோட போயிட்டார்" என்று பதில் வந்ததாம். யார் நம்புவார்கள்? மகன் கார் சாவியோடு வாசலில் நிற்கும்போது எங்கள் டீம் பஸ் உள்ளே திரும்பியது. பெரியவர் விடவில்லை. இறங்குவதற்கு முன்னால் எல்லோரும் மறுபடி நம்பர் சொன்னார்கள். நான் "நைன்" என்று கத்தியது ஹால்வரை கேட்டதாம்.

மணி நாலைத் தாண்டியிருந்தது. தங்கை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரிதான், "பட்டுச் சட்டையப் போட்டிருந்தா பளபளன்னு கண்ல பட்டிருப்பீங்க. யாரு விட்டுட்டுப் போயிருப்பா?" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ராகுகாலத்துக்கு முன்னால் தட்டு மாறியது. அந்தப் பையன்கள் பின்னால் சுவரோரம் வரிசையாக நின்று கை தட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, தட்டில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை.

ஆட்டம் இருப்பதால் சாப்பிடக்கூடாது என்றார் கோச். தங்கை கேட்பாளா? "வீட்டுக்கு வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புனா நல்லாவா இருக்கும்?" என்று புளியோதரையையும் ஜாங்கிரியையும் டிரே டிரேயாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

அந்த டீம் போன வருஷம் கலைந்துவிட்டது. நடத்த ஆளில்லை. பெரியவர் எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியவில்லை. ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் பஸ் பிடித்தால் இப்போதெல்லாம் நம்பர் சொன்னால்தான் கிளம்பும். கடைசியில் நான் "ஃபோர்டீன்" என்றும் சேர்த்துச் சொல்வேன். போன மாசம் புதிதாக வந்த ஒரு பையன், "அது யாரு அங்கிள், இன்னும் ஏறலையா?" என்று இறங்கித் தேடப் போனான். என் வீட்டுக்காரி, "அவரு எப்பவோ ஏறிட்டாரு, நீ உக்காருப்பா" என்றாள்.

யாரோ ஒருவர் தனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்று நினைத்ததால்தான், என் தங்கை மகள் நிச்சயத்தில் அவள் அப்பா இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.