விரல் வைக்க இடமில்லாத மவுஸ்

என் வீட்டுக்காரர் அந்த மவுஸை வாங்கிவந்த நாள் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. சென்னைக்குப் போனவர் சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்து, கை கால்கூடக் கழுவாமல் கட்டில்மேல் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார். பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று, பாதி கரைந்த குளியல் சோப்பு மாதிரி தட்டையாக ஒன்று கிடந்தது. ஒயர் இல்லை, உருட்டுகிற சக்கரம் இல்லை, இங்கே அழுத்து என்று காட்டுவதற்கு ஒரு பட்டன்கூட இல்லை. மேலே விரலால் தடவினால் திரையில் இருப்பது நகருமாம், இரண்டு விரலால் தள்ளினால் பக்கம் மாறுமாம். "இன்னாங்க இது, மெட்ராஸ் வரிக்கும் போயி சோப்பு வாங்கிக்கினு வந்துகீறீங்க?" என்று கேட்டேன். வேறு நாளாக இருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். அன்றைக்குச் சிரித்தார். "தொட்டுப் பாருமே, எப்டி வழுக்கிக்கினு போவுது பாரு" என்று என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அவ்வளவு அழகான பொருள் அதற்கு முன்னால் ஒன்றும் இருந்ததில்லை. இப்போது அது பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால் விடமாட்டேன் என்கிறார்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேனர் கடையில் அவர் டிசைனராக இருந்தார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி என்று சுற்று வட்டாரத்தில் எது நடந்தாலும் அது அவர் கைவழியாகத்தான் போகும். நான் தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். பள்ளி விட்டதும் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, அவர் வண்டியிலேயே வீட்டுக்கு வருவேன். அதனால் அந்த வேலையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு போட்டோவைக் கொடுத்தால் அதிலிருந்து ஆளை மட்டும் வெட்டி எடுக்கவேண்டும். காது ஓரம், மீசை, பறக்கிற முடி என்று புள்ளி புள்ளியாக மவுஸை அழுத்திக்கொண்டே போகவேண்டும். செத்தவர் என்றால் படத்தில் அவருக்குக் கோட்டு சூட்டுப் போட்டுவிடவேண்டும். ஆயுசு முழுக்க மேலுக்கு ஒரு துண்டைத் தவிர வேறு போடாத கிழவருக்குக்கூடப் பிள்ளைகள் கோட்டுதான் கேட்பார்கள். "கெத்தா இருக்கணும் பாரு" என்பார்கள். ஒரு நாளில் எத்தனை தரம் அந்த விரல் அழுத்தும் என்று நினைத்தால் எனக்கே வலிக்கும்.

டிசைனர் வேலையில் இன்னொரு தொல்லை, வந்தவர்கள் எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால்தான் நிற்பார்கள். இந்தாண்ட தள்ளு, அந்தாண்ட தள்ளு, எங்க மாமா மூஞ்ச பெருசு பண்ணு என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கமுடியாதது ஒன்று இருந்தது. நடுவில் யாராவது ஒருவர் "நீ யாரு புள்ள?" என்று கேட்பார். இவர் தன் அப்பா பேரைச் சொல்வார். சொன்ன மறு நிமிஷமே குரல் மாறிவிடும். எங்கள் மாமனாரும் மாமியாரும் அடுத்தவர் கழனியில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். அது தெரிந்ததும் அதுவரை "தம்பி" என்றவர் "டேய்" என்பார். மீசை முளைக்காத பையன்கூட, தலை நரைக்கத் தொடங்கிய என் வீட்டுக்காரரைப் பார்த்து "அத்த கொஞ்சம் தூக்கி வைடா" என்பான். இவர் திரும்பிப் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருப்பார். கழுத்து மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் நான் சரியான விடையையும் சேர்த்து அடித்துவிடுவேன்.

புது மவுஸ் வந்தபிறகு இது மாறியது. நம்பமாட்டீர்கள், நானே பக்கத்தில் இருந்து பார்க்காவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். பழைய மவுஸ் கறுப்பாக, குண்டாக, கை அழுக்கு ஏறி மினுமினுவென்று இருக்கும். அதைப் பிடித்திருந்த வரைக்கும் இவர் அவர்களுக்குக் கூலிக்காரர் மகன். இந்த வெள்ளை மவுஸை மேஜையில் வைத்து, அழுத்தாமல் கொள்ளாமல், விரல் நுனியால் லேசாகத் தடவிப் படங்களைப் பறக்கவிட்டதும் பின்னால் நின்றவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள். எங்கள் மாமனார் காலமெல்லாம் வேலை செய்த நிலத்துக்காரர் வீட்டு இளைய மகன் ஒரு நாள் கோயில் பேனருக்காக வந்திருந்தான். "இன்னா சார் இது, பட்டனே இல்ல, தடவுனா போவுது?" என்றான். சார்! அன்றைக்கு வண்டியில் வரும்போது ஏரிக்கரையில் இவர் வேகத்தைக் குறைத்தார். பிறகு தலையைத் திருப்பாமலே, "கேட்டியாமே? சார்ன்னான்" என்றார்.

ஆனால் அந்த மவுஸ் கைக்கு ஆகாத மவுஸ். பழையதற்கு உள்ளங்கையில் பொருந்துகிற மேடு உண்டு, கை அதன்மேல் சாய்ந்து இளைப்பாறும். இதில் மேடே இல்லை, மணிக்கட்டு மேஜை விளிம்பில் மடிந்து கிடக்கவேண்டும். அதைவிடக் கொடுமை, விரலைச் சும்மா அதன்மேல் வைக்க முடியாது. வைத்தால் தடவுகிறாய் என்று எடுத்துக்கொண்டு திரையை எங்கேயாவது இழுத்துப் போய்விடும். அதனால் நாள் முழுக்க ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டே வேலை செய்வார். சும்மா உங்கள் விரலைக் கொஞ்ச நேரம் அப்படித் தூக்கி வைத்துப் பாருங்கள், தெரியும். முதலில் மணிக்கட்டில் வலி என்றார். பிறகு கட்டை விரலிலிருந்து நடு விரல் வரை எறும்பு ஊர்கிறது என்றார். தூக்கத்தில் எழுந்து கையை உதறுவார். கேட்டால், "ஒன்னும் இல்லமே, நீ கம்முனு படு" என்பார்.

இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, கைக்கு ஓய்வு கொடுக்கவேண்டும், மவுஸை மாற்றவேண்டும், இப்படியே விட்டால் விரல்கள் மரத்துப்போகும் என்று தெளிவாகச் சொன்னார். கைகுலுக்குகிற மாதிரி நிமிர்த்திப் பிடிக்கிற மவுஸ் ஒன்று இருக்கிறதென்று அவரே சொன்னார். நான் அதை வாங்கிக் கொடுத்தேன். சாம்பல் நிறத்தில், மேஜைமேல் நட்டுவைத்த கல் மாதிரி இருக்கும். பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் கை அதைப் பிடித்ததும் இவர் முகத்தில் ஒரு சுகம் தெரிந்ததை நான் பார்த்தேன். ஆள் இல்லாத நேரத்தில் அதை வைத்து வேலை செய்வார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், அது இழுப்பறைக்குள் போய்விடும், வெள்ளை மவுஸ் மேஜைக்கு வந்துவிடும். "யோவ், கை உன்து, வலி உன்து. அவன் பாக்குறதுக்கு நீ ஏன்யா சாவுற?" என்று கடையிலேயே கத்தியிருக்கிறேன். அதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "சித்திர வெயில்ல பட்டுப்பொடவ கட்டிக்கினு கல்யாணத்துக்குப் போறியே, அது ஒனக்கு சொகமாவா கீது? கட்டாம போயேன் பாக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். பார்வைக்காக உடம்பை வருத்திக்கொள்ளாத மனுஷர் யார்? ஆனால் நான் வீட்டுக்கு வந்ததும் பட்டுப்புடவையை அவிழ்த்து எறிந்துவிட்டு நைட்டிக்கு மாறிவிடுவேன். அவருக்கு மாறுவதற்கு என்ன இருந்தது? சாம்பல் மவுஸைப் பிடித்தால் கை பிழைக்கும், ஆனால் "டேய்" திரும்பி வரும். வெள்ளை மவுஸைப் பிடித்தால் "சார்" இருக்கும், கை போகும். இரண்டையும் தராசில் வைத்து எது கனம் என்று என்னைக் கேட்டால், நான் கண்ணை மூடிக்கொண்டு கைதான் என்பேன். என்னை யாரும் டேய் என்று கூப்பிட்டதில்லை. அவர் பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவர். சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

டாக்டர் சொன்னபடியே விரல்கள் மரத்தன. மரத்தபிறகு வலிகூடத் தெரியவில்லை, அதனால் சரியாகிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னார். அந்தச் சமயத்தில்தான் அந்த நிலத்துக்காரர் பெரியவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பேனர். இளைய மகனே கடைக்கு வந்து, "சார், நைனாவுக்கு நீங்கதான் பண்ணணும், நல்லா கோட்டு போடுங்க" என்று பின்னால் நின்றான். நடுவில் பெரியவர், கீழே மகன்கள், மருமகன்கள், பேரன்கள் படங்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் கீழே அவரவர் பேர். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவன் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் போனான். அதற்குப் பிறகு, பிரிண்டுக்கு அனுப்பும் முன்னால், அந்த மரத்த விரல் மவுஸின்மேல் படிந்திருக்கிறது. படிந்ததும் தெரியவில்லை, இழுத்ததும் தெரியவில்லை. பேர் வரிசை முழுவதும் ஒரு இடம் தள்ளிப் போய்விட்டது. மறுநாள் காலையில் தெருமுனையில் கட்டிய பேனரில் மூத்த மகன் படத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. இளைய மகன் படத்துக்குக் கீழே அண்ணன் பேர் இருந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஏற்கெனவே நிலத் தகராறு. எல்லாம் எனக்கே என்று காட்ட அண்ணன்தான் பேரை மாற்றவைத்திருக்கிறான் என்று தம்பி எடுத்துக்கொண்டான்.

அன்றைக்குப் பள்ளி விடுமுறை, நான் கடையில் இருந்தேன். இளையவன் நாலு பேரோடு உள்ளே வந்தான். "டேய், எங்கண்ணன் சொல்லித்தான பண்ண? ஒங்கப்பன் எங்க கயனில கூலிக்கு வந்தவன்டா. ஏசி ரூம்ல குந்திக்கினு எங்களுக்குள்ள சண்ட மூட்டி வுட்றியா?" என்றான். கடையில் கல்யாண ஆல்பம் பார்க்க வந்த ஒரு குடும்பம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். ஒரு வார்த்தை, கை மரத்துப்போச்சு, தெரியாம நடந்துபோச்சு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தப்பு என்துதான் சார்" என்றார். நான் சொல்ல வாயெடுத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன். கடை முதலாளி புதுப் பேனர் அடித்துக் கொடுத்துச் சமாதானம் செய்தார். இவரிடம், "மொதல்ல கைய பாரு, அப்பறம் வா" என்றார். அந்த நாற்காலியில் இப்போது வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஆபரேஷன் செய்தோம். ரொம்பத் தாமதித்துவிட்டீர்கள் என்றார்கள். கட்டை விரலுக்கு அடியில் சதை வற்றிக் குழி விழுந்துவிட்டது. சட்டைக்குப் பட்டன் நான்தான் போட்டுவிடுகிறேன். சூடு தெரியாததால் டம்ளரை வாங்கும் முன்னால் நான் தொட்டுப் பார்க்கவேண்டும். வீட்டில் ஸ்பூனால் சாப்பிடுகிறார், அதுவும் சில நாள் நழுவி விழும். போகப்போகச் சரியாகும் என்று பார்க்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். ஆகாது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கைகூடப் போகட்டும். அந்த "டேய்"யைக் கேட்ட நாளிலிருந்து மனுஷர் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. என்னிடம் சண்டைகூடப் போடுவதில்லை. சண்டை போட்டால் தேவலை என்று இருக்கிறது.

போன மாதம் திருப்புலிவனத்தில் ஒரு கல்யாணம். வரமாட்டேன் என்றவரை நான்தான் பிடிவாதம் பிடித்து, முழுக்கைச் சட்டை போட்டுக் கூட்டிப் போனேன். பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். சாம்பார் விழுந்தது. கையைச் சோற்றில் வைத்தார். விரல்கள் கூடவில்லை. அள்ளியது எல்லாம் இலையிலேயே விழுந்தது. நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "ஒரு ஸ்பூன் கீதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன். என் முழங்கையை அவர் முழங்கையால் இடித்தார். "வயிறு சரியில்ல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, ஒரு வாய்கூடப் போகாத இலையை மூடினார். எதிர்ப்பந்தியில் இருந்தவர்களில் யாரும் எங்களைப் பார்க்கவேயில்லை. பாயசத்தோடு போராடிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தட்டில் சோறு போட்டு ஸ்பூனை வைத்தேன். ஸ்பூன் இரண்டு தரம் நழுவியது. தட்டைத் தள்ளிவைத்தார். "கதவ சாத்துமே" என்றார். சாத்தினேன். ஜன்னலையும் கை காட்டினார், அதையும் சாத்தினேன். அந்தப் புழுக்கத்தில் தரையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. என் முகத்தைப் பார்க்காமல் வேகவேகமாக வாங்கிக்கொண்டார், அவ்வளவு பசி. தட்டு காலியானதும் முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அவர் அழவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சுவரில் சாய்ந்து நேராக உட்கார்ந்தார்.

"போயி கதவத் தொற" என்றார். "பட்டப்பகல்ல சாத்திக் கெடந்தா யாரனா பாத்தா இன்னா நெனப்பாங்க?"