சாமி குந்திய பெஞ்சு

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு, கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் ஒரே மூச்சாக நடக்க என் கணவரால் முடியவில்லை. "பாதி வழியில கொஞ்சம் உட்கார்ந்து, இளைப்பாறிட்டு நடங்க" என்றார் டாக்டர். எங்கே உட்காருவது? எங்கள் நடைபாதையில் நிற்கவே இடம் கிடையாது. ஆட்டோ என்றால் மனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கவுன்சிலர் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். ஒருவழியாகப் பூக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சும், அதை ஒட்டிப் பச்சையும் நீலமுமாக இரண்டு குப்பைத் தொட்டிகளும் வந்தன. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். சாமி படம் பழசாகிவிட்டாலும் குப்பையில் போட மனசு வராது. மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். தொட்டிக்குப் பக்கத்திலேயே பெஞ்சு இருக்கும்போது மரத்தை யார் தேடுவார்கள்? முதலில் கண்ணாடி உடைந்த பிள்ளையார் வந்தார். அடுத்து லட்சுமி, பிறகு போன வருஷக் காலண்டர் முருகன். யாரோ குங்குமம் வைத்தார்கள். பூக்காரம்மா மீந்த பூவைக் கிள்ளி வைத்தாள்.

ஒரு நாள் சாயங்காலம், அவர் வரும் ரயில் போய் வெகு நேரமாகியும் அவர் வரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. கதவைக்கூடப் பூட்டாமல் ஓடினேன்.

குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஏன் நின்னுகினு கீறீங்க? குந்த வேண்டியதுதான?"

"சாமி கீதே, எப்புடிக் குந்தறது?" என்றார், தொட்டியை விடாமல்.

எனக்கு வந்ததே கோபம்! படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் வைத்தேன். பூக்காரம்மா பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"இன்னாக்கா பண்ணிகினு கீற? சாமியப் போயி தரையில வெக்கிறியே!"

"சாமி தரையில இருந்துக்கும். இவரால நிக்க முடியல."

அவள் படங்களைத் தன் கடைக்கு எடுத்துப் போனாள். அவர் உட்கார்ந்தார். பார்த்தால், பெஞ்சின் ஓரத்தில் தொத்திக்கொண்டிருக்கிறார், மிச்ச இடத்தைக் காலியாக விட்டு.

"நல்லா சாஞ்சு குந்துங்க" என்று அதட்டினேன்.

இப்போதெல்லாம் ரயில் வருவதற்கு முன்பே போய் அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்துவிடுகிறேன். படத்தோடு வருகிறவர்கள் என்னைப் பார்த்துத் தயங்கி நிற்கிறார்கள். அவர் தலை தெரியும்வரை எழுந்திருப்பதில்லை, எந்தச் சாமி வந்தாலும்.