மணி அவனிடம், குதிரை அவளிடம்

மொன்டானா மலைகளில் கோவேறு கழுதைகளின் மேல் சுமை கட்டுகிறவர்களுக்கு முடிச்சை வைத்துத்தான் நல்ல பெயர். டெல்மா ஸ்கோக் முப்பத்தொரு வருடம் சுமை கட்டினாள். ஒன்றுகூடச் சரிந்ததில்லை. கழுதையின் இரு பக்கமும் தொங்கப்போகும் பெட்டிகளைக் கொக்கித் தராசில் தூக்கிப் பார்ப்பாள். ஒரு ராத்தல் கூடக்குறைய இருந்தாலும் பெட்டியைத் திறந்து, தக்காளி டப்பா ஒன்றை இங்கிருந்து அங்கே மாற்றுவாள். எல்க் மான் வேட்டைக்கு வந்தவர்கள் குளிரில் குதிரைமேல் காத்திருப்பார்கள்.

"ஏம்மா, ஒரு ராத்தல்ல என்ன குடி முழுகிடும்?" என்று ஒருவர் கேட்டார்.

"பூட்சுக்குள்ள ஒரு கல்லப் போட்டுக்கிட்டு பதினெட்டு மைல் நடந்து வாங்க. சாயங்காலம் பேசிக்கலாம்."

நான் அந்த முகாமின் சமையல்காரன். முதலாளி ராய்ஸ் ஹாவர்ட்டி. ஏழு கழுதைகளும் அவனுடையவை. அவற்றுக்கு முன்னால் நடக்கும் சாம்பல்நிறப் பெட்டைக்குதிரை நிக்கல் மட்டும் டெல்மா குட்டியிலிருந்து வளர்த்தது. அதன் கழுத்தில் ராய்ஸின் பித்தளை மணி. கோவேறு கழுதை ஒரு பெட்டைக்குதிரையிடம் மனதைக் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான். அது போகும் இடமெல்லாம் பின்னாலேயே போகும். கயிறு வேண்டாம், காவல் வேண்டாம்.

போன வருடம் அக்டோபரில், ஆற்றுக்கு மேலே உள்ள ஒற்றையடிப் பாறைப் பாதையில் பிஸ்கட் என்ற கழுதை இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. இருநூறு அடி. டெல்மா கீழே இறங்கி, தன் துப்பாக்கியாலேயே அதன் வலியை முடித்துவைத்தாள்.

அன்று காலை அவள் தராசு பிடித்துக் கட்டிய பிறகு, ராய்ஸ் லாடமும் சுத்தியலும் போட்ட தன் லாடப் பையைப் பிஸ்கட்டின் இடப்பக்கப் பெட்டிக் கொக்கியில் மாட்டினான். பதினைந்து ராத்தலாவது இருக்கும். தன் குதிரையில் தொங்கினால் முழங்காலில் இடிக்கிறதாம். நான் முகாம் அடுப்பை மூட்டை கட்டிக்கொண்டே அதைப் பார்த்தேன்.

டெல்மா கீழே போய்ச் சேருமுன்பே அவன் போய்ப் பையை எடுத்து ஒளித்துவிட்டான். மலையடிவாரத்தில் பாதை தொடங்கும் இடத்தில் எல்லா முகாம்காரர்களும் கூடுவார்கள். அங்கே நின்று, "கெழவிக்குக் கை தளந்துபோச்சு. முடிச்சு நழுவிடுச்சு" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடத்துக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

போகும்போது மணியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். "இது ஒன்னோடது. குதிரை என்னோடது."

ராய்ஸ் அந்த மணியை ஒரு காயடித்த குதிரையின் கழுத்தில் மாட்டினான். பழகிய பாதை, பழகிய சத்தம், கழுதைகள் நடந்தன. "கழுதைக்கு மணிச் சத்தம் போதும். எந்தக் குதிரைன்னு அது எங்க பாக்குது!" என்று கோடை முழுக்கப் பெருமை பேசினான். மலையில் பிறந்து வளர்ந்தவன் செய்யக்கூடாத தவறு அது.

இந்த அக்டோபரில் வேட்டை தொடங்கி மூன்றாம் நாள், எங்கள் ஆட்கள் இரண்டு எல்க்குகளைச் சுட்டார்கள். மறுநாள் விடியலில் மேற்கே, காற்று வரும் பக்கமிருந்து ஒரு கனைப்பு கேட்டது. ஆறு கழுதைகளும் காதைத் தூக்கின. கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. காயடித்த குதிரை மட்டும் மணியோடு நின்றது.

இரண்டு மைல் மேலே டெல்மாவின் கூடாரம். காடு அரசாங்கத்துடையது, யார் வேண்டுமானாலும் தங்கலாம். நானும் ராய்ஸும் மூச்சிரைக்கப் போனபோது, நிக்கலைச் சுற்றி ஆறும் மேய்ந்துகொண்டிருந்தன. டெல்மா காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"என் கழுதையத் திருடிட்டியா?"

"கயிறு ஏதாச்சும் கட்டியிருக்கனா பாரு. இழுத்துட்டுப் போ, நான் தடுக்கல."

அவன் ஒன்றை இழுத்தான். அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. இன்னொன்று அவனை நூறு அடி இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது.

"வெயில் ஏறுது முதலாளி" என்றாள் டெல்மா. "ரெண்டு எல்க்கு விழுந்திருக்கு போல. நேத்துச் சத்தம் கேட்டுச்சு. நாளைக்கு நாறிடும். கறிய மலையில வுட்டா ஒன் லைசென்ஸு போயிடும். சவாரிக் குதிரைங்க ரத்த வாடைக்கு மிரளும். முதுகுல தூக்குறியா? எட்டு தொடை, பதினெட்டு மைல்."

"ஒனக்கு என்னதான் வேணும்?"

"பையி. ஒன் லாடப் பையோட வாருத்துண்டு பிஸ்கட்டோட கொக்கியிலயே கெடந்துச்சு."

ராய்ஸ் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"கறிய நான் எறக்கித் தரேன். என்னப் பத்தி எங்க நின்னு சொன்னியோ அங்கயே நின்னு, அதே வாயால நடந்ததச் சொல்லணும்."

அன்று பகல் அவளே சுமை கட்டினாள். ஒவ்வொரு பெட்டியையும் தராசில் ராய்ஸைத் தூக்க வைத்தாள். எடையை அவனே உரக்கச் சொல்ல வேண்டும். "எழுபத்தி ரெண்டு." "கேக்கல." "எழுபத்தி ரெண்டு!" சரியாக இருந்ததையும் மறுபடி தூக்க வைத்தாள். நிக்கல் முன்னால் நடந்தது. ஆறும் பின்னால் வந்தன.

அடிவாரத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். ராய்ஸ் கையில் இருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டு முனகினான்.

"சத்தமா. கெழவிக்குக் காதும் தளந்துபோச்சு."

"முடிச்சு நழுவல. என் லாடப் பைய நான்தான் மாட்டுனேன். அப்பறம் எடுத்து ஒளிச்சதும் நான்தான்."

டெல்மா என் பக்கம் திரும்பினாள். "ஓடெல், நீயும் பாத்தல்ல?"

"பாத்தேன்" என்றேன்.

"ஒரு வருஷம் கழிச்சு வாய் வந்திருக்கு. எல்லாரும் கேட்டுக்கங்க."

இரண்டு முகாம்காரர்கள் அங்கேயே அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய முகாமுக்குப் போனாள். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நிக்கல்மேல் ஏறி ராய்ஸின் பட்டியை ஒட்டிய சாலையில் மெதுவாகப் போகிறாள். ஆறு கழுதைகளும் வேலியில் மோதிக் கத்துகின்றன. வாரத்துக்கு இரண்டு கம்பு உடைகிறது. திங்கட்கிழமை அவன் வேலி கட்டுகிறான்.

"போதும் டெல்மா. அவன்தான் சொல்லிட்டானே" என்றேன் ஒருநாள்.

"பிஸ்கட்டு எந்திரிச்சு வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுக் குதிரையைச் சாலைக்குத் திருப்பினாள்.