வீரகத்தியின் சிதம்பர யாத்திரை

1958இல் இலங்கையிலிருந்து சிதம்பரம் போகப் புதுக்குடியிருப்பு வீரகத்தி நாள் பார்த்தார். நல்ல நேரத்தில் பெட்டியோடு படியிறங்கி, மறுநாள் பஸ்ஸுக்காகப் பக்கத்து வீட்டில் தங்கினார். விடிவதற்குள் நாட்டில் கலவரம். தலைமன்னாரில் இந்தியாக் கப்பல் ஏறுவதா, விடுவதா? ஊரடங்கை எடுத்த பிறகும் அவருக்கு முடிவு வரவில்லை. யாத்திரைக்கு இறங்கியவர் சாமி கும்பிடாமல் வீட்டுப்படி மிதிக்கவும் கூடாதாம்.

மனைவி இராசேஸ்வரி தினமும் வேலிக்கு மேலால் சோறு நீட்டினாள். ஒருநாள் சோற்றுச் சட்டியோடு வந்து கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, பசு கண்டு போட்டிட்டுது. வந்து பாருங்கோவன்."

"விசர்க்கதை கதையாதை. நான் இந்தியாவிலயெல்லோ நிக்கிறன்!"

"அப்ப சோத்தையும் அங்கயே தின்னுங்கோ." சட்டியோடு திரும்பிப் போய்விட்டாள்.

மத்தியானம் தாண்டுமுன் வீரகத்தி பக்கத்து வீட்டுக் கலண்டரில் இருந்த நடராசரை விழுந்து கும்பிட்டார். நெற்றி நிறையத் திருநீற்றோடு தன் முற்றத்தில் வந்து நின்றார்.

"கப்பல் திரும்பி வந்திட்டுது. சோத்தைப் போடு."