நீர்ப்பல்லியின் நோன்பு

கேளம்பாக்கத்தில் மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. தொட்டியில் நான் வளர்க்கும் நியூட், தண்ணீரில் வாழும், பல்லி மாதிரி இருக்கும். தண்ணீர் சூடானால் தாங்காது.

எதிர்வீட்டு நூர்ஜகான் அக்காவிடம் ஐஸ் கேட்டேன். நோன்பு திறக்கும்போது சர்பத்தில் போட ஒரே ஒரு பாட்டில் தண்ணீர் உறையவைத்திருந்தார்.

"எதுனா துன்னுச்சா?"

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலக்கா."

"அய்யோ, அதுவும் நோம்புல கீதா? இந்தா, மொதல்ல அது தொறக்கட்டும்."

பாட்டிலை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டேன். தண்ணீர் குளிர்ந்த பிறகு, நியூட் மெல்ல வந்து நான் போட்ட மண்புழுவைக் கவ்வியது. அதே நேரம் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு சொன்னார்கள்.

ஓடிப்போய்ச் சொன்னேன். வெதுவெதுப்பான சர்பத்தைக் குடித்தபடியே அக்கா கேட்டார்: "விடிகாலைல சஹர் சாப்பாட்டுக்கு அத்த யாரு எழுப்புவா?"

நியூட்டை எழுப்பத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.