புது நன்மைக்கு ஒத்திகை

என் மகளுக்குப் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுக்க முடியாது என்று கோயிலில் மறைக்கல்வி நடத்தும் டீச்சர் சொன்னபோது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஆத்தூரில் அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வெள்ளை கவுன் தைக்கக் கொடுத்தாயிற்று. இவளுக்கு மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலி, தள்ளாடும் கழுத்து, ஒன்றிரண்டு சொல்தான் பேச்சு.

"நற்கருணை அப்பம் தொண்டையில சிக்கிருச்சுன்னா என்ன பண்றது, அக்கா? ஆசீர்வாதம் மட்டும் வாங்கிக்கட்டும்."

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. சோறு ஊட்டும்போதே இவளுக்குப் புரையேறும். அதனால் கோபம் இன்னும் கூடியது.

சனிக்கிழமைகளில் திண்டுக்கல்லில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் கூடுவோம். பயிற்சி பாதி, புலம்பல் பாதி. அன்று நான் பொரிந்து தள்ளியதைக் கன்னிவாடிக்காரி கேட்டுக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் தக்காளி போடுகிறவள். மகனுக்கும் இதே கோளாறு. மாதா கோயில் பக்கமே வந்ததில்லை.

"மொதல்ல நீ எப்பிடி ஊட்டுறன்னு காட்டு" என்றாள்.

மகளை மடியில் சாய்த்து முகத்தை மேலே தூக்கினேன். கைக்குழந்தைக்கு ஊட்டுவது போலத்தான் அதுவரை ஊட்டிவந்தேன்.

"ஏத்தா, அண்ணாக்க வச்சு ஊட்டுனா ஒனக்கே புரையேறுமே! நிமுத்தி உக்கார வையி. நாடி லேசா கீழ எறங்கட்டும். நீ தணிஞ்சு உக்காந்து குடு."

அப்பம் எப்படி இருக்கும் என்று விசாரித்தாள். மெல்லிசாக இருக்கும், நாக்கில் கரையும் என்றேன். எதிர்க்கடையில் கோன் ஐஸ் வாங்கிவந்து, ஐஸை மகனுக்குக் கொடுத்துவிட்டு, கோனை என் மகளுக்குப் பொடிசாக ஒடித்துக் கொடுத்தாள். புரையேறவில்லை. "இன்னும்" என்றாள் மகள்.

பிறகு வீட்டிலும் தினம் கோன்தான். டீச்சரை வரவழைத்து ஊட்டிக் காட்டினேன். ஒருவழியாகச் சம்மதித்தார்.

புது நன்மை நாளில் பங்குச் சாமியார் பாசத்தோடு அவள் நாடியைப் பிடித்து நிமிர்த்தப் போனார்.

"சாமி, தலையத் தூக்காதீங்க! நீங்க குனிங்க!"

அவர் அங்கியில் மாட்டியிருந்த மைக்கில் என் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. என்னை ஒருமுறை பார்த்தார். அங்கியை ஒதுக்கிக்கொண்டு அவள் முன்னால் மண்டியிட்டார்.

அப்பத்தை நாக்கில் வைத்தார். அவள் வாயை மூடினாள். டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். விழுங்கினாள்.

பிறகு மறுபடியும் வாயைத் திறந்தாள்.

"இன்னும்!"

அதுவும் மைக்கில் கேட்டது. நான் கூப்பிட்டதற்காக முதல்முறையாகக் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் இருந்த கன்னிவாடிக்காரிதான் முதலில் சிரித்தாள். பிறகு சாமியாரும் சிரித்துவிட்டார். 'போதும்' என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.