சேர்க்காமல் விட்ட ஒன்று

நாமக்கல்லில் மக்காச்சோள லோடு எடை போடப் போகும்போதெல்லாம் அந்த எடைமேடைக்காரரைப் பார்ப்பேன். கண்ணாடியின் ஒடிந்த காலைக் கம்பியால் கட்டியிருப்பார். லாரி வராத நேரத்தில் நோட்டில் ஓர் எண்ணை எழுதி, அதையே திருப்பிப் போட்டுக் கூட்டிக்கொண்டிருப்பார். பன்னிரண்டோடு இருபத்தொன்றைக் கூட்டினால் முப்பத்துமூன்று. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாய் வந்தால் நிறுத்திவிடலாம்; இல்லாவிட்டால் விடையைத் திருப்பி மறுபடி கூட்ட வேண்டும். அவர் பிடித்துக்கொண்டது 196. விடை ஒரு வரிக்கு மேல் நீண்டும் நிற்கவில்லை.

“எப்பங்க முடியும்?”

“கம்ப்யூட்டர்ல கோடிக்கணக்கான எலக்கம் வரைக்கும் போட்டுப் பாத்துட்டாங்களாமுங்க. முடியல. முடியவே முடியாதுன்னும் யாரும் நிரூபிக்கலைங்க.”

ஒருநாள் நோட்டைப் புரட்டியபோது, ஐந்தாம் பக்கத்தில் ஒரு கூட்டலில் மீதி ஒன்றைச் சேர்க்காமல் விட்டிருந்தார். அதற்குப் பிறகு முப்பது பக்கமும் தப்பு. தயங்கித்தான் சொன்னேன்.

“தெரியுமுங்க. அதை எழுதறப்பத்தான், லாரி கவுந்து பையன் போயிட்டான்னு போன் வந்துச்சு.”

நோட்டை அவர் பக்கமே நகர்த்தி வைத்தேன். “திருத்திடலாமேங்க?” என்றேன்.

“சரியாப் போட்டாலும் முடியாதுங்க. இந்தத் தப்பாவது முடியுதான்னு பாக்கறேன்.”

என் லாரி மேடையேறியது. எடைச்சீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தப்பான எண்ணையே திருப்பி எழுத ஆரம்பித்தார்.